கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை ஏன் குண்டாகிவிடுகிறார்?

கீழக்கரையில் ஒரு வீட்டில், பழைய கல்யாணக் கேசட்டை பென்டிரைவுக்கு மாற்றிக் கொண்டுவந்து பெரிய டிவியில் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் யாராவது கேட்டுவிடுவார்: "காக்கா, நீங்க அப்பவே இவ்வளவு குண்டா?" காக்கா, அதாவது மாப்பிள்ளையாக இருந்த அண்ணன், அப்போது ஒல்லிதான். அவர் மட்டுமில்லை, பந்தலில் இருக்கும் எல்லோரும், ஓரத்தில் கட்டியிருக்கும் ஆடு உட்பட, ஒரே கணக்கில் அகன்றிருப்பார்கள். படம் பக்கவாட்டில் இழுபட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்யச் சொன்னால், எடிட்டிங் பழகத் தொடங்கிய பலர் படத்தின் ஓரத்தை மவுஸால் பிடித்து, முகம் சரியாகத் தெரியும்வரை உள்ளே தள்ளுவார்கள். கண் மதிப்பில் செய்கிற வேலை என்பதால் நிக்காஹ் காட்சியில் ஒரு அளவும் விருந்துக் காட்சியில் வேறு அளவுமாக முடியும். இதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. படம் இழுபடும் அளவு இஷ்டத்துக்கு அமைவதில்லை. வழக்கமாக வருவது நாலைந்து எண்கள்தான். படத்தில் வட்டமான ஒரு பொருளை அளந்தால் அந்த எண் கிடைத்துவிடும். தவறு எந்த இடத்தில் நுழைந்தது என்பதை அந்த எண்ணே காட்டிக்கொடுக்கும். நுழைந்த இடத்தில் கை வைத்தால் மொத்தக் கேசட்டுக்கும் ஒரே மாற்றத்தில் வேலை முடியும்.

சட்டமும் பிக்ஸலும்

படச் சட்டத்தின், அதாவது ஃப்ரேமின், அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தைத்தான் மென்பொருள்களில் ஆஸ்பெக்ட் ரேஷியோ என்று போட்டிருப்பார்கள். பழைய டப்பா டிவி 4:3. விஹெச்எஸ் கேசட்டும் அந்தக் கால கேமராக்களும் அந்த டிவிக்காகச் செய்யப்பட்டவை, ஆகவே அவையும் 4:3. இப்போது சுவரில் மாட்டும் டிவி 16:9. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தால் 9:16.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 4/3ஐ 4/3ஆல் பெருக்கிப் பாருங்கள், 16/9 வரும். அதாவது பழைய படத்தைப் புதிய டிவியின் நான்கு மூலைக்கும் இழுத்து நிரப்பினால், எல்லாம் சரியாக மூன்றில் ஒரு பங்கு அகலும். 1.33 மடங்கு. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி வரும்.

இதுவரை சிக்கல் இல்லை. தடுமாற்றம் அடுத்த இடத்தில்தான். கேசட்டிலிருந்து எடுத்த கோப்பின் அளவைப் பார்த்தால் 720×576 என்று இருக்கும். 720ஐ 576ஆல் வகுத்தால் 1.25. ஆனால் 4:3 என்றால் 1.33 வர வேண்டுமே?

பிக்ஸல் என்றாலே சதுரம் என்று நாம் நினைத்துக்கொள்வதால் வரும் கேள்வி இது. போனிலும் இன்றைய கேமராவிலும் பிக்ஸல் சதுரம்தான். பழைய டிவி முறையில் அப்படி இல்லை. கரையில் உலர்த்தும் வலையை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் வலை அகலும், ஆனால் கண்களின் எண்ணிக்கை கூடுமா? ஒவ்வொரு கண்ணும்தான் அகலும். 720×576 என்பதும் அப்படி வெறும் எண்ணிக்கை. குறுக்கே 720, நெடுக்கே 576. ஒவ்வொன்றையும் எவ்வளவு விரித்துக் காட்ட வேண்டும் என்பது தனியாகச் சொல்லப்பட வேண்டிய செய்தி. அதற்குத்தான் பிக்ஸல் ஆஸ்பெக்ட் ரேஷியோ என்று பெயர். கோப்புக்குள் அது ஒரு சின்னக் குறிப்பாக எழுதியிருக்கும். குறிப்பு இல்லாவிட்டாலோ, தப்பாக இருந்தாலோ, படத்தை ஓட்டும் கருவி அதைப் படிக்காவிட்டாலோ படம் கோணல்தான்.

ஏன் இப்படி வைத்தார்கள்? 1982இல், டிவி படத்தை டிஜிட்டலாக மாற்ற உலகத்துக்கே ஒரு பொது முறை வகுத்தார்கள். 601 என்ற எண்ணில் இன்றும் அழைக்கப்படும் முறை அது. இந்தியாவும் ஐரோப்பாவும் 625 வரி டிவியைப் பயன்படுத்தின. அமெரிக்காவும் ஜப்பானும் 525 வரி. இரண்டையும் ஒரே வேகத்தில், நொடிக்கு 1 கோடியே 35 லட்சம் தடவை, அளந்து பதிவது என்று முடிவானது. அதனால் இரண்டு முறையிலும் வரிக்கு 720 பிக்ஸல் கிடைத்தது. ஆனால் உயரத்தில் நமக்கு 576, அவர்களுக்கு 480. இரண்டும் அதே 4:3 டிவிக்குள் அடங்கியாக வேண்டும். ஆகவே நம் பிக்ஸல் கொஞ்சம் அகலமாகவும் அவர்கள் பிக்ஸல் கொஞ்சம் ஒடுக்கமாகவும் ஆனது. பொறியாளர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. தலைவலி நாற்பது வருஷம் கழித்து நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சரி, நம் பிக்ஸல் எவ்வளவு அகலம்? சில மென்பொருள்களில் 1.067 என்றும் சிலவற்றில் 1.094 என்றும் பார்ப்பீர்கள். இரண்டும் தப்பில்லை. 720 பிக்ஸலையும் படம் என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டால் 1.067. ஆனால் டிவி படம் உண்மையில் நடுவில் உள்ள 702 பிக்ஸலில்தான் இருக்கிறது, இருபக்கமும் சில பிக்ஸல்கள் ஒதுக்கிடம் என்று கணக்கிட்டால் 1.094. கேசட்டிலிருந்து ஏற்றிய படத்தின் இரு ஓரத்திலும் மெல்லிய கறுப்புப் பட்டை தெரிகிறதே, அதுதான் அந்த ஒதுக்கிடம். அடோபி நிறுவனம் தன் எடிட்டிங் மென்பொருளில், 2008இல் வந்த சிஎஸ்4 பதிப்பிலிருந்து, 1.094க்கு மாறியது. அதனால்தான் பழைய புராஜெக்ட் ஒன்றைப் புதிய பதிப்பில் திறந்தால் அளவு துளி மாறியது போல இருக்கும். கல்யாண வீடியோவில் இந்த வித்தியாசத்தை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. எதை எடுத்தாலும் கேசட் முழுக்க ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள்.

கடலை வைத்துக் கணிக்க முடியாது

நம் பக்கத்து வீடியோக்களில் கோணல் பல நாள் யார் கண்ணிலும் படாமலே கிடப்பதற்கு ஒரு காரணம், சட்டத்தில் பாதி கடல். அடிவானக் கோட்டை எவ்வளவு இழுத்தாலும் அது அடிவானக் கோடுதான். மூன்றில் ஒரு பங்கு இழுபட்ட வள்ளம் இன்னும் கொஞ்சம் நீளமான வள்ளமாகத் தெரியும், யாருக்கும் சந்தேகம் வராது. தனுஷ்கோடிப் பக்கம் வரும் பூநாரைகளை எடுத்த படம் ஒடுங்கியிருந்தால், அவற்றுக்குத்தான் ஏற்கெனவே கால் நீளமாயிற்றே என்று விட்டுவிடுவோம்.

பாம்பன் பாலம் இன்னும் மோசமாக ஏமாற்றும். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் கப்பல் போக நடுவில் உள்ள இரண்டு இலைகள், அதாவது தூக்கும் பகுதிகள், இருபக்கமும் சாய்ந்து திறந்தன. பாதி திறந்து 45 டிகிரியில் நிற்கிற இலை, 1.33 மடங்கு இழுபட்ட படத்தில் 37 டிகிரியில் நிற்பதாகத் தெரியும். பார்ப்பவர் "இன்னும் தூக்கி முடிக்கலை போல" என்று நினைப்பாரே தவிர, படம் கோணல் என்று நினைக்க மாட்டார். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் நடுப்பகுதி அப்படியே நேராக மேலே போகும். அது எவ்வளவு இழுத்தாலும் செங்கோணம் செங்கோணமாகவே இருக்கும், ஆக அதிலும் துப்பு கிடைக்காது.

அப்போ சூரியன்? அரிச்சல்முனையில் எடுத்த உதயக் காட்சியில் அழகான வட்டம் இருக்கிறதே என்று அதை அளக்கப் போகாதீர்கள். அடிவானத்தை ஒட்டியிருக்கும்போது காற்றுமண்டலம் ஒளியை வளைக்கிறது. சூரியனின் கீழ் விளிம்பு மேல் விளிம்பைவிட அதிகமாகத் தூக்கித் தெரியும். அகலம் மாறாது, உயரம் மட்டும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்து, நிஜத்திலேயே அது நசுங்கிய வட்டம்தான். அளந்தால் 1.2 போல ஒரு எண் வரும், அதை வைத்து நல்ல படத்தைக் கெடுத்துவிடுவீர்கள். கடலுக்கு மேல் எழும் பௌர்ணமி நிலவுக்கும் இதே கதைதான்.

அளப்பது

வேண்டியது கேமராவுக்கு நேர்முகமாக இருக்கும் ஒரு வட்டம். மண்டபச் சுவரில் மாட்டிய கடிகாரம் முதல் தரம். பக்கவாட்டில் நிற்கும் சைக்கிளின் சக்கரம், பெட்டிக்கு முன்னால் தெரியும் ஸ்பீக்கர் கோன், சந்தனக்கூடு ஊர்வலத்தில் கேமராவை நோக்கித் திருப்பிய கொட்டின் முகம், எதுவானாலும் சரி. மேசைமேல் வைத்த தாம்பாளம் உதவாது. சாய்வாகப் பார்ப்பதால் அது எப்படியும் நீள்வட்டமாகத்தான் தெரியும்.

வட்டம் சட்டத்தின் நடுப்பக்கமாக இருக்கட்டும். அகலமான லென்ஸ் ஓரத்தில் இருப்பவர்களை இழுத்துக் காட்டும். போனில் கூட்டமாக நின்று எடுத்தால் கடைசியில் நிற்கிறவர் மட்டும் பெருத்துத் தெரிவாரே, அது லென்ஸின் வேலை. இந்தக் கட்டுரையின் வைத்தியம் அதற்குப் பலிக்காது. நடுவில் இருப்பவர் சரியாகவும் ஓரத்தில் இருப்பவர் கோணலாகவும் இருந்தால் விகிதத்தில் கை வைக்காதீர்கள்.

படத்தை நிறுத்தி, திரையின்மேல் ஸ்கேலை வைத்தே அளக்கலாம். கடிகாரம் குறுக்கே 8 செ.மீ., நெடுக்கே 6 செ.மீ. என்றால் 8ஐ 6ஆல் வகுக்க 1.33. முடிந்தது.

ஆனால் அளப்பதற்கு முன் திரையையே சந்தேகப்பட வேண்டும். டிவி ரிமோட்டில் படத்தின் அளவு என்று ஒரு தேர்வு இருக்கும். அதை 'வைடு' அல்லது 'ஃபுல்' என்று யாரோ எப்போதோ மாற்றி வைத்திருப்பார்கள். அப்படியிருந்தால் கோப்பில் ஒரு குறையும் இல்லை. கம்ப்யூட்டரில் விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் போட்டுப் பாருங்கள். அதிலும் ஏ என்ற விசையை அழுத்த அழுத்த விகிதம் மாறிக்கொண்டே போகும். தெரியாமல் கை பட்டிருந்தால் அங்கேயும் பொய்ப்படம்தான். 'டிஃபால்ட்' என்று வரும்வரை அழுத்திவிட்டு அளக்கத் தொடங்குங்கள். அதே விசை சோதனைக்கும் உதவும்: 4:3 என்று வரும்போது கடிகாரம் வட்டமாகிவிட்டால் நோய் என்னவென்று பாதி தெரிந்துவிட்டது.

இன்னொன்று, மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள். கோப்பை அதில் திறந்தால் அகலம், உயரம், எந்த விகிதத்தில் காட்டச் சொல்லிக் குறிப்பு இருக்கிறது என்ற மூன்றும் கிடைக்கும். ஸ்கேலில் அளந்த எண்ணையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தீர்ப்பு.

எண் என்ன சொல்கிறது?

1.33 வந்தால், 4:3 படத்தை யாரோ 16:9 சட்டத்தின் மூலைகளுக்கு இழுத்திருக்கிறார்கள். கேசட் ஓரத்துக் கறுப்புப் பட்டையோடு சேர்த்து இழுத்திருந்தால் 1.30 வரும், அதுவும் இதே நோய்தான். நம் ஊரில் ஏற்றிக்கொடுக்கும் கேசட்டுகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

0.91க்கும் 0.94க்கும் இடையில் வந்தால், எல்லோரும் லேசாக ஒல்லியாகத் தெரிவார்கள். 720×576 கோப்பைச் சதுரப் பிக்ஸல் என்று மென்பொருள் எடுத்துக்கொண்டது. இதை யாரும் புகாராகச் சொல்வதில்லை. ஒல்லியாகக் காட்டினால் யார் சண்டைக்கு வருவார்? இருந்தாலும் அதே வீடியோவில் புதிய காட்சியும் கலந்து வந்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

0.75 வந்தால் இரண்டு வழியில் யோசிக்க வேண்டும். மீடியாஇன்ஃபோ 1440×1080 என்று சொன்னால் அது ஹெச்டிவி (HDV) வகைக் கேமராவில் எடுத்தது. அந்தக் கேமரா 1440 பிக்ஸலைத்தான் பதியும், காட்டும்போது ஒவ்வொன்றையும் 1.33 மடங்கு விரித்து 1920 ஆக்க வேண்டும். அந்தக் குறிப்பு எங்கோ தொலைந்திருக்கிறது. 720×576 என்று சொன்னால், டிவிடி காலத்து அகலப்படம் 4:3 என்று தவறாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆமாம், அதே 720×576க்குள் 16:9 படத்தையும் திணித்து வைப்பார்கள். பிக்ஸல் மட்டும் 1.46 மடங்கு அகலம் என்று குறிப்பு சொல்லும். அளவை மட்டும் பார்த்து இது 4:3ஆ 16:9ஆ என்று சொல்லவே முடியாது.

அமெரிக்கச் சொந்தக்காரர் அனுப்பிய 720×480 கோப்பில் 1.10 வந்தால், அவர்கள் ஊர் ஒடுக்கப் பிக்ஸலைச் சதுரமாகக் காட்டுகிறீர்கள் என்று அர்த்தம். 3.16 வந்தால் அளக்கவே வேண்டியதில்லை, நிமிர்ந்த போன் படத்தைப் படுத்த சட்டத்துக்கு இழுத்திருக்கிறார்கள் என்பது தெருமுனையிலிருந்தே தெரியும். 1.78 வந்தால் ஒரே தவறை இரண்டு பேர் அடுத்தடுத்துச் செய்திருக்கிறார்கள்.

குறிப்பு மட்டும் தப்பென்றால்

இது நல்ல நோய். படத்தைத் தொடவே வேண்டாம், குறிப்பைத் திருத்தினால் போதும். முக்கியம், டைம்லைனில், அதாவது கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் இடத்தில், போட்டு வெட்டத் தொடங்கும் முன்னே செய்துவிட வேண்டும்.

அடோபியின் எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் புரோவில், புராஜெக்ட் பேனலில் கேசட் கிளிப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து வலது கிளிக் செய்யுங்கள். மாடிஃபை, அதற்குள் இன்டர்பிரெட் ஃபுட்டேஜ். அங்கே பிக்ஸல் ஆஸ்பெக்ட் ரேஷியோ பகுதியில் 'கன்ஃபார்ம் டு' என்பதைத் தேர்ந்தால் ஒரு பட்டியல் விரியும். 4:3 கேசட்டுக்கு 'டி1/டிவி பேல்' (D1/DV PAL) என்று 1.0940 போட்டிருக்கும் வரி. அகலப்படம் என்றால் அதற்குக் கீழே வைடுஸ்க்ரீன் என்று 1.4587 உள்ள வரி. 1440×1080 கோப்புக்கு 'ஹெச்டி அனமார்ஃபிக் 1080', அதாவது 1.333. போன் படத்துக்கு எப்போதும் 'ஸ்கொயர் பிக்ஸல்ஸ்'.

டாவின்சி ரிசால்வில் மீடியா பூலில் வலது கிளிக் செய்து, கிளிப் ஆட்ரிபியூட்ஸ் திறந்தால் அதே பெயரில் தேர்வு இருக்கிறது. ஷாட்கட்டில் இன்னும் சுலபம்: ப்ராபர்ட்டீஸ் பேனலில் ஆஸ்பெக்ட் ரேஷியோ என்று இரண்டு பெட்டி, 4 என்றும் 3 என்றும் தட்டினால் தீர்ந்தது. இலவசமாகத் தொடங்க நினைப்பவர்களுக்கு நான் ஷாட்கட்டைத்தான் சொல்வேன். அது இங்கே பிக்ஸல் கணக்கு எதையும் கேட்காமல் முழுச் சட்டத்தின் விகிதத்தையே கேட்கிறது. கேடென்லைவிலும் கிளிப்பின் ப்ராபர்ட்டீஸில் விகிதத்தைக் கட்டாயப்படுத்தும் தேர்வு உண்டு.

குறிப்பு சரியானபிறகும் படம் இழுபட்டால் டைம்லைனைப் பாருங்கள். முதல் கிளிப்பை அப்படியே இழுத்துப் போட்டால் மென்பொருள் அந்தக் கிளிப்பின் அளவிலேயே சீக்வென்ஸ், அதாவது டைம்லைனின் சட்டம், அமைத்துக்கொள்ளும். அது கேசட் கிளிப் என்றால் மொத்த டைம்லைனும் சதுரமல்லாத பிக்ஸலில் அமைந்துவிடும், அப்புறம் போன் படம், போட்டோ, டைட்டில் எல்லாம் அதற்குள் குழம்பும். நீங்களே 1920×1080, சதுரப் பிக்ஸல் என்று வெறும் சீக்வென்ஸ் ஒன்றை முதலில் அமைத்துவிட்டு அதற்குள் போடுங்கள். ரிசால்வில் புராஜெக்ட் செட்டிங்ஸில் இமேஜ் ஸ்கேலிங் என்ற பக்கம் இருக்கிறது. அளவு பொருந்தாத கோப்பை என்ன செய்வது என்ற கேள்விக்கு நான்கு பதில்கள் அங்கே. 'ஸ்ட்ரெட்ச் ஃப்ரேம் டு ஆல் கார்னர்ஸ்' என்பது தேர்ந்திருந்தால் மாப்பிள்ளையைக் குண்டாக்கியது அதுதான். முழுப் படமும் அடங்கும்படி 'ஸ்கேல் என்டயர் இமேஜ் டு ஃபிட்' என்பதற்கு மாற்றுங்கள்.

டைம்லைன் சரியா என்று சந்தேகம் வந்தால், டைட்டில் கருவியில் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஒரு வட்டம் வரைந்து, சுவர்க் கடிகாரத்தின்மேல் வையுங்கள். இரண்டும் பொருந்தினால் நிம்மதி. நீங்கள் வரைந்த வட்டமே முட்டையாகத் தெரிந்தால் கிளிப்பை விட்டுவிடுங்கள், கோளாறு சீக்வென்ஸில் அல்லது முன்னோட்டத் திரையின் அமைப்பில்.

படத்திலேயே பதிந்துவிட்டால்

கோப்பு 1920×1080, குறிப்பு 16:9, பிக்ஸல் சதுரம், எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கடிகாரம் மட்டும் 1.33. இதுதான் கெட்ட நோய். கேசட்டை ஏற்றியவர் இழுத்து வைத்து அப்படியே ஏற்றுமதி செய்துவிட்டார். குறிப்பில் திருத்த ஒன்றும் இல்லை, பிக்ஸல்களே இடம் மாறிவிட்டன.

முதலில் கேசட்டோ, அந்தக் காலத்தில் கொடுத்த டிவிடியோ வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். டிவிடிக்குள் இருக்கும் விஓபி கோப்புகள் பெரும்பாலும் இழுபடாத 720×576ஆக இருக்கும். அலமாரியைத் துழாவுவது எடிட்டிங்கைவிடச் சுலபம்.

கிடைக்காவிட்டால் அகலத்தை மட்டும் 75 சதவீதமாகக் குறைக்க வேண்டும். பிரீமியரில் எஃபெக்ட் கன்ட்ரோல்ஸில் மோஷன் பகுதிக்குப் போய் 'யூனிஃபார்ம் ஸ்கேல்' டிக்கை எடுத்துவிட்டு, ஸ்கேல் விட்த் என்பதில் 75 தட்டுங்கள். ரிசால்வில் இன்ஸ்பெக்டரில் ஜூம் எக்ஸ், ஒய் இரண்டுக்கும் நடுவில் உள்ள சங்கிலியை அவிழ்த்துவிட்டு எக்ஸில் மட்டும் 0.75. மவுஸால் தள்ளாமல் எண்ணாகத் தட்டுவதுதான் இதில் விஷயம். பிறகு அந்த அமைப்பை நகலெடுத்து மற்ற எல்லாக் கிளிப்பிலும் ஒட்டிவிடலாம். நீங்கள் அளந்தது 1.30 என்றால் 75க்குப் பதில் 77. பொதுவாக, 100ஐ அளந்த எண்ணால் வகுத்தால் வருவதுதான் தட்ட வேண்டிய எண்.

கேசட் படத்தைப் பெரிதாக்கும்போது ஒரு எச்சரிக்கை. அந்தக் காலக் காட்சிகள் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று மாறி மாறிப் பதிந்தவை. அதைப் பிரித்துச் சீராக்காமல் உயரத்தைக் கூட்டினால், அசையும் கை, பறக்கும் துப்பட்டா எல்லாவற்றிலும் சீப்புப் பல் போலக் கோடு விழும். முதலில் டீஇன்டர்லேஸ், அப்புறம் அளவு மாற்றம். ஏற்கெனவே யாரோ பெரிதாக்கிப் பல் விழுந்த கோப்பு என்றால் அதை மீட்பது கடினம், அலமாரியையே இன்னொரு தடவை துழாவுங்கள்.

கறுப்புப் பட்டையோடு வாழ்வது

விகிதத்தைச் சரிசெய்தால் 1920×1080 சட்டத்தில் 4:3 படம் 1440×1080 இடத்தைத்தான் பிடிக்கும். இருபக்கமும் 240 பிக்ஸல் அகலத்துக்குக் கறுப்பு. வாடிக்கையாளர் உடனே கேட்பார்: "ஏம்ப்பா, டிவி அவ்வளவு பெருசு, படம் மட்டும் நடுவுல நிக்குது?" பல கடைகளில் படத்தை இழுத்துக் கொடுப்பதே இந்தக் கேள்விக்குப் பயந்துதான். இழுத்த படத்தையும் இழுக்காத படத்தையும் பத்து நொடி அருகருகே காட்டினால் பெரும்பாலும் விவாதம் முடிந்துவிடும், குறிப்பாக மணப்பெண் பக்கத்தில் நின்று பார்த்தால்.

நிரப்பியே ஆக வேண்டும் என்றால் படத்தை இரு பக்கமும் சமமாகப் பெரிதாக்கி மேலும் கீழும் வெட்டலாம். உயரத்தில் கால்வாசி போய்விடும். கல்யாண வீடியோவில் மேலே இருப்பது தலைப்பாகை, கீழே இருப்பது மாலை மாற்றும் கை. காட்சிக்குக் காட்சி படத்தை ஏற்றி இறக்கி வைக்கப் பொறுமை இருந்தால் செய்யலாம், மொத்தமாக ஒரே அமைப்பில் வெட்டினால் பாதிப்பேர் தலையில்லாமல் நிற்பார்கள். அதே படத்தைப் பெரிதாக்கி மங்கலாக்கிப் பின்னால் போடுவது இன்னொரு வழி. எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, பின்னால் ஏதோ அசைந்துகொண்டே இருப்பது கண்ணை இழுக்கும். ஆனால் கறுப்பே கூடாது என்பவர்களுக்கு அது சமாதானமாக இருக்கிறது. நிமிர்ந்த போன் காட்சியை நடுவில் போடும்போது மட்டும் அதைப் பயன்படுத்துவேன், அங்கே மீதி இடம் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் என்பதால் வெறும் கறுப்பு உண்மையிலேயே காலியாகத் தெரியும்.

கடைசியில் ஏற்றுமதி. பிரீமியரின் ஏற்றுமதித் திரையில் ஸ்கேலிங் என்ற இடத்தில் 'ஸ்கேல் டு ஃபிட்', 'ஸ்கேல் டு ஃபில்', 'ஸ்ட்ரெட்ச் டு ஃபில்' என்று மூன்று இருக்கும். மூன்றாவது தேர்ந்திருந்தால், சீக்வென்ஸும் வெளியே போகும் கோப்பும் வேறு வேறு விகிதத்தில் இருக்கும்போது இதுவரை பார்த்த வேலை எல்லாம் வீண். முதலாவதில் வையுங்கள். பென்டிரைவில் போட்டு டிவியில் பார்ப்பவர்களுக்கு 1920×1080இல் கறுப்புப் பட்டையோடு சேர்த்தே ஏற்றுமதி செய்வது பாதுகாப்பு. சட்டம் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் டிவி தன் இஷ்டத்துக்கு இழுக்க இடமிருக்காது. யூடியூபுக்கு நேர் எதிர். அங்கே பட்டை இல்லாமல் 1440×1080 சதுரப் பிக்ஸலில் ஏற்றுங்கள். கணினியில் பார்த்தால் அதுவே பக்கத்தில் இடம் விட்டுக்கொள்ளும், போனை நிமிர்த்திப் பார்த்தால் அகலம் முழுக்க நிறையும். பட்டையோடு ஏற்றினால் போனில் நான்கு பக்கமும் கறுப்பு சூழ, தபால்தலை அளவுக்குத்தான் மாப்பிள்ளை தெரிவார்.